மாங்காய் லோடு இறங்குமுன் ஒரு வெள்ளி, ஒரு ஞாயிறு

கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பள்ளிவாசல்களின் இமாம்களுக்கும் முத்தவல்லிகளுக்கும், தர்மபுரி மறைமாவட்டத்தின் பங்குத் தந்தையருக்கும், மற்ற சபைகளின் போதகர்களுக்கும்,

அஸ்ஸலாமு அலைக்கும். இயேசுவுக்குப் புகழ். ஸ்தோத்திரம். மூன்றையும் எழுதிவிட்டேன், யாருக்கும் குறை வேண்டாம். நான் இந்து. எங்கள் வீட்டில் முருகன் படத்துக்குத்தான் விளக்கு. மாங்காய் வரத்து தொடங்குமுன் உங்கள் மேடையில் ஒரு தடவை தராசைப் பற்றிப் பேசுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

மாங்காய் மண்டியில் 31 வருடம் கணக்கு எழுதினேன். வேலைக்குச் சேர்ந்தபோது இதெல்லாம் தர்மபுரி மாவட்டம், 2004ல்தான் கிருஷ்ணகிரி தனியாகப் பிரிந்தது. மூன்று முதலாளிகளிடம் இருந்திருக்கிறேன். ஒருவர் இந்து, ஒருவர் முஸ்லிம், ஒருவர் கிறிஸ்தவர். மூன்று இடத்திலும் சாமி படம் வேறு, வசனப் பலகை வேறு. பேரேட்டில் 'கழிவு' என்ற பத்தி மட்டும் ஒன்றேதான்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். விவசாயி ஒரு டன் காய் கொண்டு வருவார். எடை போட்டதும் ஐம்பது கிலோ கழிவு என்று தள்ளிவிட்டு 950க்குத்தான் சீட்டு எழுதுவோம். காம்பு, பால், அழுகல், வழியில் எடை இறங்குவது என்று காரணம் சொல்வோம். கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் காலையில் பறித்து மத்தியானம் வந்த காய்க்கும் அதே ஐம்பது, இரண்டு நாள் கிடந்து வதங்கிய காய்க்கும் அதே ஐம்பது. தள்ளிய காயை யாரும் குப்பையில் கொட்டவில்லை, அதுவும் அதே லாரியில்தான் ஏறியது. அந்தப் பத்தியை என் கையால் எழுதியிருக்கிறேன். அதனால் இந்த மடலை யாரையும் குற்றம்சாட்ட எழுதவில்லை. அப்படிச் சாட்டினால் முதல் பெயர் என்னுடையதாகத்தான் இருக்கும்.

சரி, மண்டிக்காரர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு ஏன் எழுதுகிறேன்? மண்டிக்காரர்களில் எங்கள் ஆட்கள்தான் அதிகம், அது எனக்கும் தெரியும். ஆனால் எங்கள் கோயிலில் வாராவாரம் ஒருவர் மேடை ஏறி, உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்து அரை மணி நேரம் பேசும் வழக்கம் இல்லை. உங்களிடம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ பயானுக்கு முதலாளியும் வருவார், லோடுமேனும் வருவார், இருவரும் ஒரே வரிசையில் தோளோடு தோள் உட்காருவார்கள். ஞாயிறு பூசையிலும் அப்படித்தான். இந்த வசதி வேறு யாருக்கு இருக்கிறது?

அப்புறம், இன்னொரு காரணமும் உண்டு. உங்கள் இரண்டு வேதங்களிலும் தராசும் கூலியும் தோப்பும் கடன் சீட்டும் வருகிற இடங்களைப் படித்துவிட்டு நான் ஆடிப்போனேன். என்னைப் பார்த்தே எழுதியது போலிருந்தது.

மத்தியான நேரம் மண்டியில் ஈ ஓட்டுகிற வேலைதான். எங்கள் முஸ்லிம் முதலாளி பாய் ஒரு தமிழ்க் குர்ஆன் வைத்திருந்தார். அதில் இரண்டாம் அத்தியாயத்தின் 282ஆம் வசனத்தைக் காட்டி, "இதுதான்யா குர்ஆன்லயே நீளமான வசனம், படி" என்றார். தொழுகையைப் பற்றியோ நோன்பைப் பற்றியோ இருக்கும் என்று நினைத்தேன். கணக்கு எழுதுவதைப் பற்றி இருந்தது! தவணை வைத்துக் கடன் கொடுத்தால் எழுதிக்கொள்ளுங்கள், எழுதுபவர் நீதியாக எழுதட்டும், கடன் பட்டவரே வாசகத்தைச் சொல்லட்டும், அவரால் முடியாவிட்டால் அவருடைய பொறுப்பாளர் சொல்லட்டும், சாட்சி வையுங்கள், சிறிய தொகை பெரிய தொகை என்று சலிக்காதீர்கள், எழுதுபவருக்கும் சாட்சிக்கும் தொந்தரவு கொடுக்காதீர்கள் என்று போகிறது. கணக்குப்பிள்ளைக்குத் தொந்தரவு கொடுக்காதே என்று ஒரு வேதத்தில் இருக்கும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

கடன் பட்டவர் சொல்ல, எழுதுபவர் எழுத வேண்டுமாம். எங்கள் வழக்கம் எப்படி? தோப்புக்காரர் முன்பணம் வாங்க வருவார். பெண்ணுக்குக் கல்யாணம், அல்லது போர்வெல் தண்ணீர் வற்றி இன்னும் இருநூறு அடி இறக்க வேண்டும். வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கிப் பெட்டிக்குள் வைப்போம். வாசகத்தை ஆறு மாதம் கழித்து முதலாளி சொல்லுவார், நான் எழுதுவேன்.

தோப்புக் குத்தகை விஷயத்துக்கு வருகிறேன். இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் பக்கம் மார்கழி, தை மாதத்தில் மரம் பூக்கும்போதே தோப்பைப் பேசி முடித்துவிடுகிறோம். சில பேர் மூன்று வருடக் காய்ப்பை ஒரே மூச்சில் விற்றுவிடுகிறார்கள், அடுத்த வருடத்துப் பூவைக் கண்ணால் பார்க்காமலே. பனி அடித்துப் பூ கருகினாலும், பிஞ்சு உதிர்ந்தாலும், விளைச்சல் கொட்டி விலை விழுந்தாலும் பஞ்சாயத்துதான். குத்தகைக்காரர் மீதிப் பணத்தை நிறுத்துவார், தோப்புக்காரர் காவலுக்கு ஆள் போட்டு உள்ளே விடமாட்டார். காவேரிப்பட்டணம், சந்தூர், ஜெகதேவி என்று எந்தப் பக்கம் கேட்டாலும் ஒரு கதை கிடைக்கும்.

மதீனாவிலும் இதே கதைதான் நடந்திருக்கிறது. அங்கே பேரீச்சந்தோப்பு. முன்கூட்டியே விற்றுவிடுவார்கள், பறிக்கும் நாள் வந்ததும் வாங்கினவர் "பூச்சி விழுந்துவிட்டது, நோய் வந்துவிட்டது" என்று தகராறு செய்வார். இந்தத் தகராறுகள் பெருகியதால்தான் பழம் தேறுவது கண்ணுக்குத் தெரியும்வரை விற்காதீர்கள் என்று நபிகள் நாயகம் சொன்னதாக அவர் தோழர் ஸைத் பின் ஸாபித் அறிவிக்கும் ஹதீஸ், அதாவது நபிமொழி, புகாரி தொகுப்பில் இருக்கிறது. சிவக்கவோ மஞ்சளாகவோ வேண்டும் என்று அடையாளமும் சொல்லியிருக்கிறார்கள். அல்லாஹ் அந்தப் பழத்தைத் தடுத்துவிட்டால் உன் சகோதரனின் பணத்தை எந்த உரிமையில் எடுத்துக்கொள்வாய் என்றும் கேட்டிருக்கிறார்கள். பல வருட விளைச்சலைச் சேர்த்து விற்பதையும் தடுத்து, நோயால் அழிந்ததற்குக் கழித்துக்கொள்ளச் சொன்னதாக முஸ்லிம் என்ற இன்னொரு ஹதீஸ் தொகுப்பில் ஜாபிர் என்ற தோழர் வழியாக வருகிறது. விளைச்சலில் பங்கு பேசி வாரத்துக்கு விடுவதற்கு மட்டும் வழி திறந்திருக்கிறது. கைபர் என்ற ஊரின் தோப்புகளை அங்கிருந்த மக்களிடமே விட்டு, விளைச்சலில் பாதி என்று பேசியிருக்கிறார்கள். லாபமும் நட்டமும் இருவருக்கும்.

கள் குடிக்காதே, பன்றி தின்னாதே என்பது சின்னப் பையனுக்கும் தெரிகிறது. வட்டி ஹராம் என்பதும் தெரியும். பூவில் தோப்பை விற்கக்கூடாது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? பூவில் குத்தகை எடுப்பதைத் தொழிலாகவே வைத்திருக்கும் இரண்டு பேரிடம் கேட்டேன். இருவரும் ஐந்து வேளை தொழுபவர்கள். ஒருவர் முதல் தடவையாகக் கேள்விப்படுவதாகச் சொன்னார். இன்னொருவர், "அது பேரீச்சைக்கு" என்றார்.

உஷ்ர், அதாவது விளைச்சலில் கொடுக்க வேண்டிய ஜகாத், அதுவும் அப்படித்தான். பணத்துக்கும் தங்கத்துக்கும் நாற்பதில் ஒரு பங்கு ஜகாத் என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. விளைச்சலுக்குத் தனிக் கணக்கு இருக்கிறது. வானம் பார்த்த மானாவாரித் தோப்பு என்றால் பத்தில் ஒன்று, தண்ணீர் இறைத்துப் பாய்ச்சியது என்றால் இருபதில் ஒன்று. அறுவடை நாளிலேயே அதன் உரிமையைக் கொடுத்துவிடுங்கள் என்கிறது குர்ஆனின் ஆறாம் அத்தியாயம். ஹனஃபி என்ற சட்ட வழியில் பழங்களும் இதில் சேரும் என்று படித்தேன். நம் மண்ணுக்குப் பொருந்துமா என்பதில் மார்க்க அறிஞர்களான ஆலிம்களுக்குள் பேச்சு உண்டு, அது உங்கள் வீட்டு விஷயம், நான் உள்ளே வரவில்லை. போர்வெல் போட்டவனின் செலவைக்கூடக் கணக்கில் எடுத்திருக்கிறார்களே என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

மத்யன் நகரத்துக்கு ஷுஐப் நபியை அனுப்பிய கதையையும் படித்தேன். ஒரே இறைவனை வணங்குங்கள் என்று சொன்ன கையோடு, அளவையும் நிறுவையையும் நிறைவாகக் கொடுங்கள் என்கிறார். இரண்டுக்கும் நடுவில் மூச்சு விடக்கூட இடைவெளி இல்லை. 83ஆம் அத்தியாயம் தொடங்குவதே அளவில் மோசடி செய்பவர்களுக்குக் கேடு என்றுதான். வாங்கும்போது நிறைய அளந்து வாங்குகிறார்கள், கொடுக்கும்போது குறைக்கிறார்கள் என்று இருக்கிறது. எங்கள் மண்டியில் கொடுக்கும்போது குறைப்பது குறைவு. வாங்கும்போது நிறைய வாங்குவதில்தான் எங்கள் வித்தை எல்லாம்.

அந்தப் பாய் ஒரு ஆனி மாதத்தில் காலமானார். பள்ளிவாசல் முற்றத்தில் அவர் உடல் இருந்த சந்தூக்கை இறக்கி வைத்திருந்தார்கள். செருப்பு விடும் பக்கம் நான் நின்றிருந்தேன். ஜனாஸாத் தொழுகைக்கு முன்னால் பெரிய மகன் வந்து நின்று, தொண்டை அடைக்க, "எங்க அப்பா யாருக்காச்சும் பாக்கி வெச்சிருந்தா எங்கிட்ட சொல்லுங்க, நான் குடுத்துடறேன். இல்லேன்னா அல்லாவுக்காக மன்னிச்சுடுங்க" என்றார். யாரும் பேசவில்லை. பாய் கெட்டவர் இல்லை. என் பையன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நோன்பு திறந்த கையோடு பணம் எடுத்து வந்தவர். ஆனால் அந்த முற்றத்தில் நின்ற அத்தனை பேரிலும் பேரேட்டைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். கழிவுப் பத்தியில் ஐம்பது ஐம்பதாகப் போன காய்க்குச் சொந்தக்காரர்கள் அங்கே இல்லை. அவர்கள் தோப்பில் இருந்தார்கள்.

கடன் வைத்து இறந்த ஒருவருக்குத் தொழவைக்க நபிகளே தயங்கியதையும், அபூ கதாதா என்ற தோழர் அந்தக் கடனைத் தான் ஏற்பதாகச் சொன்ன பிறகே தொழவைத்ததையும் பிற்பாடுதான் படித்தேன். ஓட்டாண்டி யார் என்று நபிகள் சொன்ன விளக்கம் இன்னும் கடுமை. தொழுகை, நோன்பு, ஜகாத் எல்லாம் மூட்டை மூட்டையாகக் கொண்டு ஒருவன் மறுமைக்கு வருவான். ஆனால் இவனைத் திட்டியிருப்பான், அவன் பொருளைத் தின்றிருப்பான். வந்தவர்களுக்கெல்லாம் அவனுடைய நன்மையை எடுத்துக் கொடுத்து, அது தீர்ந்ததும் அவர்களுடைய பாவத்தை இவன் தலையில் ஏற்றுவார்கள். இறைவனுக்கு உள்ள பாக்கியை இறைவன் மன்னிக்கலாம், மனிதனுக்கு உள்ள பாக்கியை அந்த மனிதன்தான் மன்னிக்க வேண்டும். கணக்குப் படித்தவனுக்கு இது சட்டென்று புரியும்.

பங்குத் தந்தையரே, போதகர்களே, இப்போது உங்கள் பக்கம் வருகிறேன்.

நான் மிஷன் பள்ளியில் விடுதியில் தங்கிப் படித்தவன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் கர்த்தருடைய ஜெபம் சொல்ல வேண்டும். பழைய தமிழ் வேதாகமத்தில் அது எப்படி இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்: எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும். பசியில் அது வாய்ப்பாடு மாதிரி ஓடிப்போகும். மண்டியில் உட்கார்ந்த பிறகுதான் அந்தச் சொல் உறைத்தது. பாவத்தைக் கடன் என்றே சொல்லியிருக்கிறார்கள். கொலோசெயருக்கு எழுதிய நிருபத்தில் இன்னும் ஒரு படி மேலே போய், நமக்கு எதிராக இருந்த கடன் சீட்டையே அழித்துச் சிலுவையில் ஆணி அடித்துவிட்டதாகப் பவுல் எழுதுகிறார்.

இஸ்லாமும் கிறிஸ்தவமும் பிரிகிற இடம் இதுதான் என்று நினைக்கிறேன். எல்லா மதமும் ஒன்றுதான் என்று கல்யாண மேடையில் பேசுகிறார்களே, எனக்கு அது ஒப்பாது. இயேசுவை ஈசா நபி என்று மதிக்கும் குர்ஆன், அவருடைய தாய் மர்யமின் பெயரில் ஒரு அத்தியாயமே வைத்திருக்கும் குர்ஆன், அவர் சிலுவையில் இறக்கவில்லை என்கிறது. இறைவனுக்கு மகன் இல்லை என்கிறது. ஒருவர் சுமையை இன்னொருவர் சுமக்க முடியாது என்கிறது. கிறிஸ்தவரோ, கடவுளே மனிதனாக வந்து அந்தச் சுமையைச் சுமந்து மூன்றாம் நாள் உயிர்த்தார் என்பதில்தான் தன் விசுவாசம் முழுவதையும் வைத்திருக்கிறார். இதைப் பூசி மெழுகினால் இருவருக்குமே மரியாதை இல்லை.

ஆனால் கடன் தள்ளுபடி ஆகிவிட்டதே என்று கிறிஸ்தவ முதலாளி நிம்மதியாகக் காலை நீட்டவும் இயேசு விடவில்லை. பத்தாயிரம் தாலந்து தள்ளுபடி வாங்கின வேலைக்காரன் கதை மத்தேயு 18ல் இருக்கிறது. ஒரு தாலந்தே ஏறக்குறைய ஆறாயிரம் நாள் கூலி. அத்தனையும் தள்ளுபடி ஆகி வெளியே வந்தவன், தனக்கு நூறு தெனாரியம், அதாவது நூறு நாள் கூலி, தர வேண்டியவனின் கழுத்தைப் பிடிக்கிறான். தள்ளுபடி ரத்தாகிவிடுகிறது. எரிகோவின் சகேயுவும் இருக்கிறார். வரி வசூலிப்பில் தின்று கொழுத்தவர், அத்திமரத்தில் ஏறி எட்டிப் பார்த்தவர். இயேசு அவரைத் திட்டவில்லை, இன்றைக்கு உன் வீட்டில் தங்க வேண்டும் என்றார். அதற்குப் பிறகுதான் சகேயு வாயைத் திறக்கிறார்: சொத்தில் பாதி ஏழைகளுக்கு, யாரிடம் ஏமாற்றி வாங்கியிருந்தாலும் நாலு மடங்கு. அருள் முதலில் வந்தது, கணக்கு பின்னால் வந்தது. ஆனால் வந்தது.

சபையின் அறுப்பின் பண்டிகைக்கு ஒரு தடவை என் கிறிஸ்தவ முதலாளி அழைத்துப் போயிருந்தார். முதற்பலன்களை ஏலம் விடுவார்கள். ஒரு கூடை செந்தூரா மாம்பழம். சந்தையில் முந்நூறு ரூபாய் பெறும். ஏலம் ஏறி ஏறி ஐயாயிரத்துக்கு என் முதலாளி எடுத்தார். சபை கை தட்டியது. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. லோடுமேன்களுக்கு இரண்டு வாரக் கூலி பாக்கி, அதுவும் ஏறக்குறைய அதே தொகை. என் சட்டைப் பையில் அந்தச் சீட்டு மடித்து இருந்தது. 'உன் கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கக் கூடாது' என்ற கருத்து லேவியராகமத்தில் இருக்கிறது. பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதுகிறார். புதினாவுக்கும் சீரகத்துக்கும் தசமபாகம் எண்ணிக் கொடுத்துவிட்டு நீதியையும் இரக்கத்தையும் விட்டுவிட்டவர்களை இயேசு காய்ச்சி எடுக்கிறார். உன் சகோதரனுக்கு உன்மேல் குறை இருப்பது நினைவுக்கு வந்தால் காணிக்கையைப் பீடத்தின் முன்னேயே வைத்துவிட்டுப் போ, முதலில் அவனோடு சமாதானம் ஆகு என்கிறார். அந்தக் கூடையும் அங்கேயே இருந்திருக்கலாம். குறைந்தபட்சம் அன்றைக்கு.

பக்கத்தில் ஒரு இமாம் இருந்திருந்தால், வேலையை முழுக்க வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு மறுமையில் நானே எதிராளி என்று இறைவன் சொன்ன ஹதீஸை எடுத்திருப்பார். வியர்வை உலருமுன் கூலி என்பது அவர்கள் பக்கம்.

உதிர்காயைப் பற்றியும் ஒரு வார்த்தை. காற்றடித்த மறுநாள் காலையில் பொறுக்க வரும் கிழவிகளைக் காவல்காரர் நாயை விட்டு விரட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். திராட்சைத் தோட்டத்தில் உதிர்ந்ததைப் பொறுக்காதே, ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவிடு என்பதும் அதே லேவியராகமத்தில்தான்.

2025 நினைவிருக்கிறதா? ரமலான் நோன்பும் தவக்காலமும் மார்ச் முதல் வாரத்தில் மூன்று நாள் இடைவெளியில் தொடங்கின. ஊரே பாதி பட்டினி கிடந்து மனசைத் துடைத்துக்கொண்டிருந்தது. அந்தச் சீசனில்தான் பெங்களூரா ரக மாங்காய் விலை விழுந்து, பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். விலை விழுந்ததற்குக் கூழ் ஆலை, ஏற்றுமதி, போன வருடத்துச் சரக்கு என்று ஆயிரம் காரணம். மண்டிக்காரரும் அடி வாங்கினார், அதை மறைக்கவில்லை. ஆனால் விலை விழுந்த வருடத்திலும் கழிவு ஐம்பது கிலோ குறையவில்லை என்று இப்போது கணக்கு எழுதும் பையன் சொன்னான்.

நான் கேட்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. முதல் லோடு இறங்கும் முன் வருகிற வெள்ளிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும், உங்கள் பயானிலும் மறையுரையிலும் தராசைப் பற்றிப் பேசுங்கள். வேறு யாரையும் இழுக்க வேண்டாம், அரசாங்கத்தைத் திட்ட வேண்டாம். மேலே சொன்னவற்றில் ஒன்றே ஒன்றை எடுத்து, கிரேட் பெட்டி, கழிவு, குத்தகை, கூலி என்ற நம் சொற்களிலேயே சொல்லுங்கள். மதீனாச் சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு அடியில் ஈரம் இருப்பதை நபிகள் கண்டுபிடித்த கதையைச் சொல்லும்போது, முன்னால் ஒரு கிரேட் மாங்காயை வைத்துச் சொன்னால் இன்னும் நல்லது. மேலே தேறின காய், அடியில் பிஞ்சு. விவசாயியும் அடுக்குவார், மண்டியும் வெளியூர்ப் பார்ட்டிக்கு அடுக்கும். சிரிப்பு வரும், பிறகு சத்தம் அடங்கும்.

"இந்து ஒருத்தன் நமக்குப் பாடம் எடுக்கிறானா?" என்று யாராவது கேட்கலாம். கேட்கட்டும். எங்கள் ஊர்க் கோயில் தர்மகர்த்தாவிடமும் பேசியிருக்கிறேன். சமன்செய்து சீர்தூக்கும் கோல் என்ற குறளை மண்டி எடை மேடைக்கு மேலே எழுதி வைக்க ஒப்புக்கொண்டார், பெயின்ட் செலவை மட்டும் என்னைக் கேட்டிருக்கிறார். வியாபாரம் வேறு, வழிபாடு வேறு என்றும் சிலர் சொல்வார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியது நான் இல்லை, உங்கள் புத்தகங்கள்.

பாயின் மகன் இப்போது மண்டியைப் பார்த்துக்கொள்கிறார். போன மாதம் பார்த்துப் பேசினேன். அப்பாவின் ஜனாஸாவில் அவர் கேட்ட கேள்விக்கு அன்றைக்கு நான் வாய் திறக்காததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், "பேரேடு இருக்கா?" என்றார். கடைசி நாலு வருடத்துப் பேரேடுகள் மாடியில் ஒரு டிரங்குப் பெட்டியில் கிடந்தன, கரையான் ஓரத்தை மட்டும் தின்றிருந்தது. இரண்டு பேரும் உட்கார்ந்து பெயர்களைத் தனியாக எழுத ஆரம்பித்திருக்கிறோம். சந்தூர்ப் பக்கம் முடிந்துவிட்டது, இனி ஜெகதேவி. சில பேர் இறந்துவிட்டார்கள், பிள்ளைகளைத் தேட வேண்டும். உங்கள் ஜமாஅத்திலோ பங்கிலோ அந்தப் பக்கத்து ஆட்கள் இருந்தால் விசாரிக்க உதவுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மண்டிக் கணக்குப்பிள்ளை ஒருவன்,
காவேரிப்பட்டணம்